எட்டாவதாக வந்தவர்கள்

லீக் சுற்று முடிந்தபோது கடலூர் கூடைப்பந்து அணி எட்டாவது இடத்தில் நின்றது. கேப்டன் சபேசனுக்கு அதில் சந்தோஷமே இல்லை.

பன்னிரண்டு அணிகளில் முதல் எட்டுக்குத்தான் பிளே-ஆஃப். அதில் முதலிடம் எட்டாமிடத்தோடு மோத வேண்டும். இரண்டு ஏழோடு, மூன்று ஆறோடு, நான்கு ஐந்தோடு. மூன்று ஆட்டங்களில் இரண்டை ஜெயிப்பவர் அடுத்த சுற்றுக்குப் போவார். முதல் ஆட்டமும் கடைசி ஆட்டமும் மேலே இருப்பவரின் ஊரில். நடு ஆட்டம் மட்டும் கீழே இருப்பவர் ஊரில்.

கடலூருக்கு வாய்த்தது கோவை. அந்த வருஷம் கோவையை அதன் சொந்த அரங்கில் ஒருவரும் ஜெயித்ததில்லை.

சபேசன் பயிற்சியாளர் அமலோற்பவத்திடம் போனான். வயதில் அவனைவிடச் சின்னவர். ஆனாலும் ஆட்டத்தில் அவர் சொல்லுக்கு அவன் மறுசொல் சொன்னதில்லை.

"கோச், இது என்ன நியாயம்? பலசாலிகிட்ட நோஞ்சானைத் தள்ளி விடுறாங்க. அதுவும் அவன் வீட்டுலயே போய் ஆடணுமாம்."

"வருஷம் பூரா ஜெயிச்சாங்களே, அதுக்குக் கிடைச்சது அது."

"அப்ப நமக்கு என்ன கிடைச்சுது?"

"காலையில வந்துடுங்க" என்றார் அமலோற்பவம்.

காலையில் ஆடுகளத்தில் கரூர் அணி நின்றுகொண்டிருந்தது. சபேசனுக்குச் சங்கடமாகிவிட்டது. இரண்டு அணிக்கும் வெற்றிகள் சமம். நேருக்கு நேர் ஆடியதில் கடலூரின் கை ஓங்கியிருந்ததால் கரூர் ஒன்பதாவதாகி வெளியேறியிருந்தது.

கரூர் கேப்டன் பெலிக்ஸ் கை கொடுத்தான். "கோவை மாதிரி ஆடிக் காட்டணும்னு உங்க கோச் கூப்பிட்டாங்க. வந்துட்டோம்."

விளையாட்டுக்கு ஆடவில்லை அவர்கள். உயிரைக் கொடுத்து ஆடினார்கள். சபேசன் இடறி விழுந்தபோது பெலிக்ஸ்தான் தூக்கி விட்டான்.

"கோவையோட நெட்டையன் எப்பவும் இடது பக்கம்தான் திரும்புவான். முன்னாடியே போய் அங்க நின்னுக்க."

"சீசன்தான் முடிஞ்சிருச்சே, வீட்டுல இருக்கலாம்ல?" என்றான் சபேசன்.

"பந்து சத்தம் கேக்காம வீட்டுல இருக்க முடியலப்பா."

சபேசன் தலையைக் குனிந்துகொண்டான்.

கோவையில் முதல் ஆட்டம் தோல்வி. கடலூரில் அரங்கம் நிரம்பி வழிந்தது. சபேசன் இடது பக்கம் முன்கூட்டியே போய் நின்றான், ஜெயித்தார்கள். மூன்றாவதில், கோவையில், கடைசி நிமிஷம் வரை சமமாக ஓடி ஒரே ஒரு கூடையில் தோற்றார்கள்.

மறுநாள் காலை பஸ் ஊருக்குக் கிளம்பியது. சூலூரை நெருங்கும்போது சபேசன் எழுந்து முன்னால் வந்தான்.

"கோச், அடுத்த சுற்றுல கோவைக்கு எதிரா மதுரை, இல்லையா?"

"ஆமா. நாலாவதா வந்தவங்க."

"மதுரையோட ஆட்டம் நமக்கு நல்லாத் தெரியும். நாம அவங்க மாதிரி ஆடிக் காட்டினா கோவைக்கு உபயோகமா இருக்கும்."

"அவங்க நம்மளைக் கூப்பிடலையே, சபேசன்."

"இப்பத்தான் கோவை கேப்டனுக்குப் போன் போட்டேன். நிஜமாவான்னு ரெண்டு தடவை கேட்டான். அப்புறம், வாங்கன்னான்."

அமலோற்பவம் திரும்பிப் பார்த்தார். பின்னால் எல்லோரும் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"டிரைவர் அண்ணே, வண்டியைத் திருப்புங்க" என்றார்.