மூடுபனி சொன்ன ‘வர்றேன்’

அந்தக் காலத்தில், மலையும் மழையும்கூட வாய்விட்டுப் பேசிய காலத்தில், எனக்கு முதல் கெடுதல் செய்தது மூடுபனி. சிறுத்தையை நான் குறை சொல்ல மாட்டேன். அதற்குப் பசி. மூடுபனிக்கு என்ன கேடு?

நான் வரையாட்டுக் கிடா. உச்சிக்குச் சற்றுக் கீழே, புல்வெளி ஓரத்துப் பாறைப் பிளவில் நானும் என் பெண்சாதியும் குடியிருந்தோம். எங்கள் குட்டி துள்ளன் பாறையிலிருந்து விழுந்து முன்னங்காலை ஒடித்துக்கொண்டான். நாங்கள் சிறுத்தைக்குத் தப்புவது பாறை ஏறித்தான். ஏற முடியாத குட்டி புல்வெளிக்கு மேயப் போனால் திரும்பி வராது. அதனால் அவனைப் பிளவுக்குள்ளேயே வைத்திருந்தோம். நாங்கள் வாயில் கவ்விக்கொண்டு போன புல் அவனுக்குப் போதவில்லை. விலா எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது.

அப்போதெல்லாம் மூடுபனி மலை ஏறாது. கால் கிடையாது, வழியும் தெரியாது. அடிவாரத்தில், மனிதர்களின் ஊரை ஒட்டிய ஓடையோரம் படுத்தே கிடக்கும். நான் இறங்கிப் போனேன்.

“தம்பி, என் பிள்ளைக்குக் கால் கூடுற வரைக்கும், அவன் மேயுற நேரம் புல்வெளியை மூடிக் கிடப்பியா? சிறுத்தை கண்ணுல அவன் படக் கூடாது.”

“அதுக்கென்ன அண்ணே, மூடிட்டாப் போச்சு. ஆனா மேகமெல்லாம் எங்க சொந்தக்காரங்க. உச்சியிலதான் இருக்காங்க. ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. முதல்ல என்னை அங்க தூக்கிட்டுப் போங்க. பார்த்த கையோட உங்க வேலைதான்.”

“ஏறு முதுகுல.”

விடிந்ததும் கிளம்பினோம். பனிக்கு என்ன பாரம் என்று நினைக்காதீர்கள். மூங்கில் காடு வரை நல்ல வெயில். பஞ்சு போல இருந்தது. சோலைக்குள் நுழைந்ததும் மழை பிடித்துக்கொண்டது. பனி அதைக் குடித்து ஊறி, நனைந்த கம்பளியாகக் கனத்தது. என் முழங்கால் மடிந்தது.

“மெதுவா அண்ணே, குலுங்குது.”

“உட்கார்ந்திருக்கிற உனக்கே குலுங்குதுன்னா நடக்கிற எனக்கு எப்படி இருக்கும்?”

செங்குத்துப் பாறையில் காற்று வந்து அதைப் பிய்க்கப் பார்த்தது. “விட்டுறாதீங்க, விட்டுறாதீங்க” என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதது. ஒரு சந்தில் ஒண்டி, காற்றுக்கு என் நெஞ்சைக் கொடுத்து நின்றேன். காற்று ஓய்ந்ததும் ஆலங்கட்டி. அது நின்றதும் சுள்ளென்று வெயில். வெயிலில் பனி கரையத் தொடங்கியது. பாறை நிழல் பார்த்துப் பார்த்து ஓடினேன். குளம்பு பிளந்து ரத்தம் வந்தது.

வழியில் பிளவின் முன்னால் நின்று துள்ளனைக் கூப்பிட்டேன். “இதுதான்டா உன் சித்தப்பா.”

அவன் எட்டிப் பார்த்தான். “சித்தப்பா, உங்களுக்குள்ள வந்தா இருட்டா இருக்குமா?”

“இருட்டு இல்லடா கண்ணு. வெள்ளையா இருக்கும். பயப்படாம மேயலாம்.”

உச்சியை அடைந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மேகங்கள் “வாடா, வாடா” என்று அதை அள்ளிக்கொண்டன. அந்தக் கூட்டத்துக்குள் இருந்து பனி திரும்பிப் பார்த்துச் சொன்னது: “அப்ப நான் வர்றேன் அண்ணே.”

எங்கள் மலையில் வர்றேன் என்றால் வருவதுதான். நான் வலியை மறந்து இறங்கி ஓடினேன்.

“வர்றேன்னு சொல்லிட்டான். பிள்ளையை மேய விடு.”

“இன்னும் காணோமே” என்றாள் என் பெண்சாதி.

“எனக்குக் கால் இருக்கு, ஓடி வந்தேன். அவன் மெதுவாத்தான வருவான்? பிள்ளை பசியோட இருக்கான், விடு.”

துள்ளன் நொண்டி நொண்டிப் புல்வெளிக்கு நடுவில் போனான். அன்றைக்கென்று வானம் கழுவிவிட்டாற்போல் இருந்தது. ஒவ்வொரு புல்லும் தனித்தனியாகத் தெரிந்தது.

“அப்பா, சித்தப்பா எங்க?”

“வருவான். நீ தின்னு.”

அவன் குனிந்து தின்றான். சிறுத்தை எந்தப் பக்கமிருந்து வந்தது என்று நான் பார்க்கவில்லை. நான் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மதியம் மூடுபனி மெல்ல இறங்கி வந்தது.

“நேத்து ஏன்டா வரல?”

“நேத்தே வர்றேன்னு எப்ப சொன்னேன்?”

“வர்றேன் அண்ணேன்னு நீதான சொன்ன!”

“அண்ணே, அது விடைபெறுறது. போறேன்னு சொல்லக் கூடாது, வர்றேன்னுதான் சொல்லணும். கீழ ஊர்ல அப்படித்தான் சொல்லுவாங்க. உங்களுக்குத் தெரியாதா?” கேட்டுவிட்டுச் சுற்றும்முற்றும் பார்த்தது. “துள்ளன் எங்க?”

நான் வெறும் புல்வெளியைக் கொம்பால் காட்டினேன். என் பெண்சாதி அதன்பின் என்னோடு பேசவில்லை. மந்தையோடு போய்விட்டாள்.

அன்று முதல்தான், பனி உட்கார்ந்து வந்த இடத்தில் எங்கள் கிடாக்களுக்கு வயதானால் முதுகு வெளுக்கிறது. மந்தையை விட்டுத் தள்ளி நிற்கிறோம். என் முதுகில் வழி தெரிந்துகொண்ட மூடுபனியும் அன்று முதல்தான் தானாக மலை ஏறுகிறது. மதியம் திரும்பினால் வந்து, ஒன்றுமில்லாத புல்வெளியைப் பொத்திப் பொத்தி மூடுகிறது. மூடட்டும். அது எத்தனை நாள் மூடினாலும் நான் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டேன். எனக்கு வர வேண்டியது அந்த ஒரு சாயங்காலம்.