வேகாத மொச்சை

ஒரு காட்டில் மொச்சை வேகவில்லை.

உச்சி வெயிலில் ஏற்றிய பானை. தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது. மொச்சை மட்டும் கூழாங்கல் மாதிரி உள்ளே உருள்கிறது. பொழுது சாய்வதற்குள் அது வேகாவிட்டால் முயலின் கதை முடிந்தது.

மொச்சைக்கும் முயலுக்கும் என்ன சம்பந்தம் என்றா கேட்கிறீர்கள்? சொல்கிறேன். குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

அது கடுங்கோடை. ஓடையெல்லாம் வற்றி ஒரே ஒரு குளம் மிஞ்சியது. அதன் கரையில் சிறுத்தை போய்ப் படுத்துக்கொண்டது. அதற்கு வயதாகிவிட்டது. துரத்திப் பிடிக்கக் காலில் வலு இல்லை. கடைவாய்ப் பல் ஒன்று உடைந்து ஈறு வீங்கிக் கிடந்தது. அதனால் என்ன? தாகம் எடுத்தால் எல்லோரும் குளத்துக்குத்தானே வர வேண்டும். வந்ததை அமுக்கியது, தின்றது.

நரிக்குக் கொண்டாட்டம். சிறுத்தை கடிக்க முடியாமல் துப்பிய எலும்பெல்லாம் நரிக்குத்தான்.

அன்று முயல் தண்ணீர் குடிக்க வந்தது. சிறுத்தையின் முன்னங்காலுக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

குளத்துக்குச் சற்றுத் தள்ளிக் கரடியின் அடுப்பு. அந்தக் காட்டில் சமைக்கத் தெரிந்தது அது ஒன்றுதான். முதல் நாள் இரவே ஒரு பானை மொச்சையை ஊறப் போட்டிருந்தது. முயல் கத்தியது காதில் விழுந்ததும் நேரே வந்து சிறுத்தையின் எதிரில் நின்றது.

"அவனை விடு."

"விட்டால் நான் எதைத் தின்பது?"

"நான் சமைத்துத் தருகிறேன்."

"என்ன, ஆட்டுக் கறியா?"

"சாமைச் சோறு. மொச்சைக் குழம்பு. அதில் கத்திரிக்காய், முருங்கைக்காய், பூசணிக்காய்."

"நெய் உண்டா?"

"இல்லை."

"தயிராவது?"

"அதுவும் இல்லை. காய், பயறு, தானியம். அவ்வளவுதான். வயிறு நிறையும்."

சிறுத்தைக்குப் பல் விண்விண்ணென்று தெறித்தது. எலும்பைக் கடிப்பது அதற்கும் வெறுத்துத்தான் போயிருந்தது.

"சரி. சூரியன் அந்தப் பாறைக்குப் பின்னால் இறங்குவதற்குள் எனக்கு வயிறு நிறைய வேண்டும். நிறைந்தால் இவனையும் விடுகிறேன், குளத்தையும் விடுகிறேன். மழை வரும்வரை உன் சோறே போதும். ஆனால் ஒரே ஒரு மொச்சை என் பல்லில் கடுக்கென்று பட்டாலும் இவனை விழுங்கிவிட்டுத்தான் மறுவேலை."

"படாது," என்றது கரடி.

"அக்கா," என்று காலடியிலிருந்து முயல் சொன்னது, "மலர வேக வை, அக்கா."

பக்கத்துப் புதரில் படுத்திருந்த நரி இத்தனையும் கேட்டது. அதற்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. சிறுத்தை சோறு தின்னப் பழகிவிட்டால் எலும்புக்கு எங்கே போவது?

கரடி அடுப்பை மூட்டி மொச்சையை ஏற்றியது. காய் பறிக்கக் கிளம்பும்போது நரி வந்து பவ்வியமாக உட்கார்ந்தது.

"நீ போய் வா அக்கா. அடுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன். அணையவே விடமாட்டேன்."

"அகப்பையால் அவ்வப்போது கிளறி விடு," என்று சொல்லிவிட்டுக் கரடி போனது.

அது கரடி செய்த தப்பு.

திரும்பி வந்தபோது அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. நரி கிளறிக்கொண்டுதான் இருந்தது. கரடி காயை நறுக்கியது. சாமையைக் களைந்து இன்னொரு அடுப்பில் வைத்தது. சாமை வெந்தது, வடித்தாயிற்று. ஒரு மொச்சையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தது. நசுங்கவில்லை.

சரி, இன்னும் கொஞ்ச நேரம். மறுபடி எடுத்தது. நசுங்கவில்லை.

"தீ போதாது," என்றது குரங்கு. மரத்திலிருந்து குதித்து வந்து விறகைத் திணித்தது. புகை எழும்பிக் கரடியின் கண்ணிலும் மூக்கிலும் ஏறியது. பானை பொங்கி வழிந்தது. மொச்சை அப்படியே இருந்தது.

"அக்கா," என்றது முயல், "இங்கே ஒருவர் என் முதுகைப் பார்த்து எச்சில் விழுங்குகிறார்."

"பேசாமல் இரு," என்றது சிறுத்தை.

"பேச்சாவது பேசிக்கொள்கிறேனே மாமா. வேறு என்ன மிச்சம் எனக்கு?"

சூரியன் பாறையின் தலைக்கு மேல் வந்துவிட்டது. நரி கொட்டாவி விட்டது.

"அக்கா, வருத்தப்படாதே. உன் பருப்பு இங்கே வேகாது."

"பருப்பு இல்லை, மொச்சை," என்றது கரடி. "வேகும்."

"அப்படியே அள்ளி ஊற்று அக்கா," என்று குரங்கு பரபரத்தது. "மேலே சோற்றைப் போட்டு மூடிவிடு. அவருக்கு என்ன தெரியப் போகிறது?"

"வேகாததை நான் யாருக்கும் ஊற்றியதில்லை."

"அப்படியானால் முயலை மறந்துவிடு. நான் போகிறேன்." குரங்கு கிளைக்குத் தாவிவிட்டது.

கரடி அசையவில்லை. ஊற வைத்ததில் குறையில்லை. தீயில் குறையில்லை. இது போன அறுவடை மொச்சை, பழசும் இல்லை. அப்படியானால் குறை பானைக்குள்தான் இருக்கிறது. புகையடித்த மூக்கு உதவவில்லை. அகப்பையால் தண்ணீரை மொண்டு வாயில் ஊற்றியது.

பல் கூசியது.

அகப்பையை அடிவரை விட்டுத் துழாவியது. புளியங்கொட்டை இரண்டு வந்தன. நாரும் கோதும் வந்தன.

பயறு வேகும் முன் புளி விழுந்துவிட்டால் அது அப்படியே இறுகிக்கொள்ளும். பிறகு காட்டையே எரித்தாலும் லேசில் வேகாது. கரடிக்கு அது தெரியும். நரிக்கும் தெரிந்திருக்கிறது.

கரடி நரியைப் பார்த்தது. நரி வாலைப் பார்த்தது.

"ருசிக்காகத்தான் புளியைப் போட்டேன், அக்கா."

ஓங்கி ஓர் அறை விடலாம். அதற்கு நேரமில்லை. கரடி பானையை இறக்கியது. புளித்தண்ணீரை ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் வேறொரு சட்டியில் வடித்தது. மொச்சையைத் தூக்கிக்கொண்டு குளத்துக்கு நடந்தது.

"எங்கே வருகிறாய்?" என்று சிறுத்தை உறுமியது.

"உன் சோற்றுக்குத்தான் தண்ணீர்."

மொச்சையைக் கழுவியது. மறுபடி கழுவியது. ஒன்றை நக்கிப் பார்த்துவிட்டு இன்னொரு முறையும் கழுவியது.

"அக்கா, பொழுது," என்றது முயல். இப்போது அதன் குரலில் கேலி இல்லை.

"தெரியும்."

புதுத் தண்ணீர் ஊற்றி ஏற்றியது. குரங்கு திணித்த விறகில் பாதியை வெளியே இழுத்தது. பானை வாயை மூடியது. பொங்காமல், அடங்காமல், ஒரே சீராக எரியவிட்டு அடுப்பின் முன் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. இந்த முறை யார் வந்து கேட்டாலும் அகப்பையைக் கொடுப்பதாக இல்லை.

நரி சிறுத்தையிடம் ஓடியது. "ராசா, பொழுது சாய்ந்துவிட்டது. முயலை முடித்துவிடலாமே."

"பாறைக்கு மேலே சிவப்பாகத் தெரிகிறதே, அது என்ன? உன் மாமியார் நெற்றிப் பொட்டா?" என்றது முயல்.

சிறுத்தை பாறையைப் பார்த்தது. "முழுசாக இறங்கட்டும்," என்றது. காற்று அடுப்புப் பக்கமிருந்து வீசியது. அதன் மூக்கு தானாக ஒருமுறை விடைத்தது.

கரடி மூடியைத் திறந்து ஒரு மொச்சையை எடுத்தது. நசுக்கியது. தோல் கொஞ்சம் இளகியது. உள்ளே இன்னும் கட்டை.

மூடியது. காத்திருந்தது.

சூரியன் பாறையை நெருங்கியது. மறுபடி ஒன்றை எடுத்தது. விரல் அழுத்தும் முன்பே வெண்ணெயாய் நசுங்கியது.

அதற்குப் பிறகு கரடியின் கை நிற்கவில்லை. காயை அள்ளிப் போட்டது. உப்புப் போட்டது. மிளகாயும் தேங்காயும் அரைத்த விழுதைக் கரைத்து ஊற்றியது. கத்திரிக்காய் குழைந்ததும் சட்டியில் எடுத்து வைத்திருந்த புளித்தண்ணீரைக் கொட்டியது.

"ஐயையோ, மறுபடி புளியா?" என்று முயல் அலறியது.

"இப்போது போடலாம்," என்றது கரடி.

பச்சை வாசனை போகக் கொதித்ததும் இறக்கி, வாழை இலையில் சாமைச் சோற்றைக் குவித்து, மேலே குழம்பை ஊற்றிச் சிறுத்தையின் முன் வைத்தது. பாறைக்கு மேல் சூரியன் நகக்கீற்றாக நின்றது.

சிறுத்தை ஒரு வாய் எடுத்தது. உடைந்த பல் பக்கம் மெல்ல ஒதுக்கியது. முயல் கண்ணை மூடிக்கொண்டது.

கடுக்கென்று சத்தம் வரவில்லை.

இன்னொரு வாய். பிறகு சிறுத்தை குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. மலையாய்க் குவித்த சோறு போய், மறுசோறும் போய், இலைதான் மிச்சம். அதையும் நக்கியது. நக்குவதற்கு வசதியாக முன்னங்காலை எடுத்து இலையின் மேல் ஊன்றிக்கொண்டது. முயல் அதற்காகவே காத்திருந்தது போல ஒரே தாவாகத் தாவிக் கரடியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றது.

சிறுத்தை ஏப்பம் விட்டது.

"கறியில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது. நாக்கை இழுக்கிறதே, அது என்ன?"

"புளி," என்றது கரடி. "நரி கொண்டு வந்தது."

"நரியா? பரவாயில்லையே. டேய் நரி, நாளைக்கும் கொண்டு வா. மழை வரும்வரை தினமும் கொண்டு வர வேண்டியது நீதான். ஒரு நாள் தவறினாலும் எனக்குப் பழைய சாப்பாடு ஞாபகம் வந்துவிடும். முதலில் உன் ஞாபகம்தான் வரும்."

நரி தலையை ஆட்டியது. வேறென்ன செய்ய?

அன்று இரவு எல்லோரும் குளத்தில் இறங்கிப் பயமில்லாமல் தண்ணீர் குடித்தார்கள். குரங்கு மட்டும் கிளையில் உட்கார்ந்து, தான் அப்போதே விறகு வைத்ததால்தான் காரியம் நடந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தது. யாரும் காதில் வாங்கவில்லை. மொச்சையை வேக வைத்தது யார் என்று எல்லோருக்கும் தெரியும்.

கரடி.

நீதி: காரியத்தைக் கெடுத்த பொருளைக் கோபத்தில் கொட்டிவிடாதே, அதற்குரிய நேரம் வரும்வரை எடுத்து வை.