நான்கு பாய்ச்சல் அகலம்

ஆற்றின் நடுவே நீளமான மணல்திட்டு ஒன்று இருந்தது. அதன் மத்தியில், இரண்டு கற்களுக்கு இடையே வளை தோண்டி, பொடிச்சி என்ற சுண்டெலி தன் மூன்று குஞ்சுகளோடு வாழ்ந்து வந்தது.

மலையில் மழை கொட்டியது. காலையில் திட்டின் ஓரத்தை நக்கிக்கொண்டிருந்த தண்ணீர், மதியத்துக்குள் வளை வாசலுக்கே வந்துவிட்டது. பொடிச்சி குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கவ்விக் கல்லின் மேல் வைத்தது. கல்லின் அடியும் நனையத் தொடங்கியது.

அப்போது ஓட்டப்பன் என்ற ஆமை திட்டில் ஏறியது. குளம் உடைந்து ஆற்றுக்கு அடித்து வரப்பட்ட ஆமை அது.

"அண்ணே! எங்களை அக்கரை சேர்த்துடுங்க! பிள்ளைங்களுக்கு இன்னும் கண்ணே திறக்கலை!" என்று கதறியது பொடிச்சி.

"அழாதே தங்கச்சி! எதிரே மருதமரம் தெரியுதுல்ல? அதன் வேர்ல கொண்டுபோய் விடுறேன். ஏறு முதுகுல!"

மருதமரத்து வேர்களுக்குள் எலி புகுந்துகொள்ள எத்தனையோ சந்துகள் உண்டு. ஆனால் மரத்துக்குச் சற்றுக் கீழே ஓடை ஒன்று ஆற்றில் வந்து விழுந்தது. ஓடைக்கு அப்பால் வெட்டவெளி மணல். அங்கே சாம்பலான் என்ற காட்டுப்பூனை உட்கார்ந்திருந்தது. ஓடையிலும் வெள்ளம் என்பதால் அதனால் மரத்தடிக்கு வர முடியாது.

"என்ன மருமகளே, இன்னும் யோசனை?" என்று பூனை குரல் கொடுத்தது. "நாலே நாலு பாய்ச்சல் அகலம்! ஆமையாருக்கு இதெல்லாம் ஒரு தூரமா? மரத்தைப் பார்த்து நேரா வாங்க!"

"கேட்டியா?" ஓட்டப்பனுக்குக் கழுத்து ஒரு விரற்கடை நீண்டது. "குளத்துல நான் எந்தப் பக்கம் மூக்கை நீட்டுறேனோ அந்தப் பக்கம் போய்ச் சேருவேன். ஒருநாளும் தப்பினதில்லை!"

பொடிச்சி யோசித்தது. நாங்கள் மரத்தில் போய் ஒளிந்துகொண்டால் பூனைக்கு என்ன லாபம்? அதற்கு ஏன் இத்தனை அக்கறை?

"கோவிச்சுக்காதீங்க அண்ணே. இங்கேயே கரையோரம் கொஞ்சம் குறுக்கே நீந்திக் காட்டுங்க" என்று கெஞ்சியது. ஆமை இறங்கிய நொடியில் ஒரு சருகைத் தண்ணீரில் தள்ளிவிட்டது.

ஆமை ஓர் ஓட்டு நீளம் குறுக்கே போவதற்குள், சருகு இரண்டு ஓட்டு நீளம் கீழே போய்விட்டது. ஆமையும்தான்!

"நான் கீழ்ப்பக்கம் நீந்தவே இல்லையே!" ஓட்டப்பன் திகைத்தபடி கரையேறியது.

"நீங்க குறுக்கே போறீங்க, ஆறு கீழே போகுது. ரெண்டும் ஒண்ணாவே நடக்குது அண்ணே! இங்கிருந்து நேரா போனா மரத்துக்குப் போகமாட்டோம். பூனை வாய்க்குத்தான் போவோம்!"

"அப்போ என்னதான் செய்றது?"

"முதல்ல அகலம் தெரியணும்."

"பூனைதான் சொல்லிச்சே, நாலு பாய்ச்சல்னு."

"அது பூனைப் பாய்ச்சல். உங்க ஓட்டுக் கணக்குல எவ்வளவு?"

ஆமைக்கு அது தெரியாது. ஆனால் அந்தப் பாய்ச்சல் எவ்வளவு தூரம் என்று பொடிச்சிக்குத் தெரியும். போன கோடையில் ஆறு வற்றியிருந்தபோது சாம்பலான் திட்டுக்கு நடந்தே வந்தது. இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல்லுக்கு ஒரே தாவு! அன்றைக்குப் போன பொடிச்சியின் வால் நுனி போனதுதான்.

ஓட்டப்பன் ஒரு கல்லிலிருந்து மறு கல்வரை தன் ஓட்டை வைத்து வைத்து அளந்தது. ஐந்து ஓடு.

"நாலு பாய்ச்சல்னா இருபது ஓடு. கிளம்பலாமா?"

"சொன்னது பூனை, அண்ணே! இன்னொரு பாய்ச்சலைக் கூட்டிக்குவோம். மரத்துக்கு மேலே கரையேறினா நடந்து இறங்கிக்கலாம். கீழே கரையேறினா..." பொடிச்சி குஞ்சுகளைப் பார்த்தது.

இருபத்தைந்து ஓடு குறுக்கே போவதற்குள் ஆறு ஐம்பது ஓடு கீழே இழுக்கும். ஆகவே ஐம்பது ஓடு மேலே போய்த்தான் இறங்க வேண்டும். பொடிச்சியும் குஞ்சுகளும் முதுகில் ஏறிக்கொள்ள, ஆமை ஓடு ஓடாக அளந்துகொண்டே மேல்முனைக்கு நடந்தது. தண்ணீர் அதன் கால்களை மூடியது.

"வெள்ளம் ஏறுது, என்னை முழம் போட வெக்கிறியே!" என்று முணுமுணுத்தபடி ஆற்றில் இறங்கியது.

பாதி ஆறு தாண்டியது. மூக்குக்கு நேரே இருந்த கரைப் புதர்கள் ஒவ்வொன்றாக நழுவி ஓடின. மருதமரமோ இடப்பக்கம் எங்கோ கீழே கிடந்தது.

"ஓய், குருட்டு ஆமையே!" மணலிலிருந்து பூனை கத்தியது. "மரம் இங்கே இருக்கு! மூக்கைத் திருப்பு!"

ஓட்டப்பன் கழுத்து தானாகவே திரும்பியது. குளத்துப் பழக்கம்! உடனே கரை நெருங்குவது நின்றுபோனது போலிருந்தது. மரம் மட்டும் பாய்ந்து பாய்ந்து வந்தது. முதுகு சாய்ந்ததில் ஒரு குஞ்சு நழுவியது. பொடிச்சி அதை வாயால் கவ்விக்கொண்டது. வாய் திறந்தால் பிள்ளை போய்விடும். எப்படிச் சொல்வது?

ஆமையின் கழுத்தில் பொடிச்சி நகங்களை அழுத்திப் பிறாண்டியது.

"ஆ! சரி, சரி! கரையைப் பார்த்தே போறேன்!"

மூக்கு மறுபடி கரைக்கு நேரானது. முதல் வேர் கடந்து போனது. இரண்டாவது வேரும் போனது. ஓடையின் இரைச்சல் காதை அடைத்தது. கடைசி வேரில் ஆமையின் நகம் மாட்டியது!

பொடிச்சி குஞ்சுகளை ஒவ்வொன்றாக வேர்ச்சந்துக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தது.

"அஞ்சு பாய்ச்சலுக்கு அளந்தும் கடைசி வேர்லதான் ஏறினோம். நான் கழுத்தைத் திருப்பினதுலேயே அந்த அஞ்சாவது பாய்ச்சல் போச்சு, தங்கச்சி" என்றது ஓட்டப்பன், மூச்சு வாங்கியபடி.

ஓடைக்கு அப்பால் சாம்பலான் எழுந்து, ஒன்றும் நடக்காததுபோல் மணலை உதறிக்கொண்டு போனது.

அளவைச் சொன்னவர் எதைக்கொண்டு அளந்தார் என்று கேட்டு, நாம் போகும் திசையோடு நம்மை இழுக்கும் திசையையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகே ஆற்றில் இறங்க வேண்டும்.