ஆயுத பூஜைக்கு நிறுத்திய சர்வர்

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகம். எல்லா டிசைன்களும் ஒரே சர்வரில்தான் இருந்தன. சீசன் நடுவில் அது செத்துப்போனது. புதுசு வாங்கியே ஆக வேண்டும். எதை வாங்குவது என்பதில்தான் சண்டை.

அச்சகத்துக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் கலையரசி, இரண்டு ஹார்ட் டிஸ்க் போட்ட நிஜமான சர்வர் பெட்டியைக் கேட்டாள். ஒன்று போனாலும் இன்னொன்றில் எல்லாம் இருக்கும். அதில் லினக்ஸ், டிசைனர்களின் மேசையில் மட்டும் பழகிய விண்டோஸ்.

அந்த வேலையைக் கேட்டு வெளியிலிருந்து வந்த பெரோஸ், “எல்லாத்துலயும் விண்டோஸ் போடுவோம். சாதாரணப் பெட்டியே போதும், சட்டுன்னு எந்திரிக்கும்” என்றான். அதுவும் பொய்யில்லை. கலையரசியின் பெட்டி தன்னைத்தானே சோதித்து எழும்புவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம்.

இருவரும் ஆளுக்கொரு பெட்டியை மாதிரிக்குக் கொண்டுவந்து, டிசைன்களை ஏற்றி ஓடவிட்டிருந்தார்கள். முதலாளி தனுஷ்கோடி அண்ணாச்சிக்கு இதெல்லாம் புரியாது. “கரண்டு போய்ப் போய் வர்ற ஊரு. ஆயுத பூஜைக்கு ரெண்டையும் நிறுத்துங்க. மறுநாள் எது மொதல்ல நம்ம காலண்டர் முருகன் படத்தைத் திறக்குதோ அதான் நம்ம சர்வர். பொறுப்பும் ஜெயிச்சவங்களுக்குத்தான்.”

தோற்றால் கலையரசிக்கு வேலை இல்லை.

பூஜையன்று அவரவர் பெட்டியை அவரவரே நிறுத்த வேண்டும். “நிறுத்தியாச்சா?”

“ஆச்சு அண்ணாச்சி” என்றார்கள் இருவரும்.

அண்ணாச்சி பெட்டிகளின் சின்ன விளக்கு மேலேயே சந்தனத்தை அப்பினார். பின்பக்கம் வரை செவ்வந்திச் சரத்தைத் தொங்கவிட்டு அறையைப் பூட்டினார். உள்ளே ஏசி மட்டும் இரைந்தது.

மறுநாள் காலை பெரோஸ் பட்டனை அழுத்தினான். கலையரசி தன் பெட்டியின் பட்டனில் விரலை வைத்தாள். அவள் திரையில் முருகன் உடனே வந்துவிட்டார். பெரோஸின் பெட்டி அப்போதுதான் முனகத் தொடங்கியிருந்தது.

“என்ன தம்பி, சட்டுன்னு எந்திரிக்கும்னீங்க. இன்னும் கொட்டாவி விடுது” என்றார் அண்ணாச்சி.

பெரோஸ் பழைய பூவை எடுத்தான். அவன் பெட்டிச் சரம் வாடாமல் கையோடு வந்தது. கலையரசியின் பெட்டிச் சரம் விரல் பட்டதும் சருகாய் நொறுங்கியது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இப்போது சொல்லுங்கள். நடந்தது என்ன? எந்தச் சர்வரை வாங்க வேண்டும்? பொறுப்பை யாரிடம் கொடுப்பது சரி?

விடை: கலையரசி சர்வரை நிறுத்தவே இல்லை. திரையை மட்டும் அணைத்தாள். இரவெல்லாம் ஓடிய பெட்டியின் பின்பக்கம் அடித்த சூட்டில் பூ காய்ந்தது. காலையில் திரையைப் போட்டுவிட்டுப் பட்டனைத் தொட்டாளே தவிர அழுத்தவில்லை. உண்மையில் போட்டியே அசட்டுத்தனம். சர்வர் விழாமல் நிற்க வேண்டிய சாமான். எவ்வளவு சீக்கிரம் எழும்புகிறது என்று பார்த்து என்ன பண்ண? அதனால் அவள் கேட்ட பெட்டியைத்தான் வாங்க வேண்டும். பொறுப்பு பெரோஸுக்கு. அவளுக்கு வேலை போவது கஷ்டம்தான். ஆனால் நிறுத்தாமலே “ஆச்சு அண்ணாச்சி” என்றவள், நாளைக்கு டிசைன்களுக்கு நகல் எடுத்து வைக்காமலே அதையே சொன்னால், சரிபார்க்க அண்ணாச்சியிடம் எந்தப் பூவும் கிடையாது.