கோந்தில்லாத வெள்ளை

மில் முதலாளி தில்லைநாயகத்துக்குப் பொறுமை கிடையாது. கூடத்துக்கு வெள்ளையடிக்க வந்த சுடலைமுத்துவிடம், "பன்னிரண்டு மணிக்கு விருந்தாளி வர்றாங்க. அதுக்குள்ள சுவர் காயலேன்னா நாளையிலேருந்து உனக்கு இங்க வேலை இல்லை" என்றார்.

"சுண்ணாம்புல கலக்கிற கோந்து ஈரத்தை லேசில விடாது முதலாளி. சாயங்காலம் ஆயிடும்."

"அப்போ கோந்தே போடாதே!"

சுடலைமுத்து வெறும் சுண்ணாம்பை அடித்தான். பதினொன்றே முக்காலுக்குச் சுவர் காய்ந்துவிட்டது. முதலாளி கறுப்புக் கோட்டோடு அதில் பெருமையாகச் சாய்ந்து நின்றார். நிமிர்ந்தபோது முதுகெல்லாம் வெள்ளை.

"என்னடா இது?"

"சுண்ணாம்புத் தூளைப் பிடிச்சு வைக்கிறதே கோந்துதான் முதலாளி. அது இல்லேன்னதும் தூள் உங்களைப் பிடிச்சுக்கிச்சு."

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாளைக்கு வந்து கோந்து போட்டே அடி. இந்தப் பதிலுக்கு உன் முதுகைத்தான் தட்டிக்கொடுக்கணும். ஆனா விருந்தாளி வர்றதுக்குள்ள நீ என் முதுகைத் தட்டுடா!"