ஏழாம் கட்டில் உச்சிக்குழி

"என் கையில என்ன குறை, மேடம்?" என்று கேட்டான் மரகதவேல்.

டாக்டர் சூசையம்மாள் ஒரு குழந்தையின் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைக்குள் நீர் தேங்கி அழுத்தம் கூடும் குழந்தைகளுக்கு, தலையிலிருந்து வயிறு வரை தோலுக்கடியில் மெல்லிய குழாய் பதித்து நீரை இறக்கிவிடுவது அவர் தொழில். அதைக் கற்றுக்கொள்ளத்தான் மரகதவேலும் நஸ்ரினும் அவரிடம் வந்திருந்தார்கள். இரண்டு வருஷமாகக் கத்தி நஸ்ரின் கைக்கே போய்க்கொண்டிருந்தது. இவனுக்கு மிஞ்சியது பெரும்பாலும் தையல் போடும் வேலை.

பொறாமைக்கு மூளையைப் படித்தவன், படிக்காதவன் என்ற பேதமெல்லாம் கிடையாது. அவளைப் பார்த்தாலே இவனுக்கு வயிறு எரிந்தது. வார்டில் தாய்மார்கள் "அந்தப் பொண்ணு டாக்டர் எங்கே?" என்று தேடும்போது இன்னும் கொஞ்சம் எரிந்தது.

"அவளை விட நான் வேகம். என் கை ஒரு தடவைகூட நடுங்கினதில்லை. அப்புறம் ஏன் மேடம்?"

சூசையம்மாள் படத்தை உறைக்குள் போட்டார்.

"சொல்றேன்" என்றார். அடுத்த படத்தை எடுத்தார்.

அந்த வாரம் தம்பி கல்யாணத்துக்காக நஸ்ரின் ஊருக்குப் போனாள். மறுநாள் காலை, ஏழாம் கட்டில் குழந்தை வாந்தி எடுத்தது என்று நர்ஸ் போனில் சொன்னார். எட்டு மாதப் பெண் குழந்தை. பத்து நாளைக்கு முன் அதற்குக் குழாய் வைத்தவள் நஸ்ரின்.

மரகதவேலுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. மறைப்பானேன், சந்தோஷப்பட்டான்.

குழாய் அடைத்திருக்கும், இன்றைக்கே திறக்க வேண்டியிருக்கும், குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டாம் என்று போனிலேயே உத்தரவு போட்டான். மயக்க மருந்து கொடுக்கும் முன் வயிறு காலியாக இருக்க வேண்டுமே.

பதினொரு மணிக்கு அவன் போனபோது குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. மண்டை எலும்புகள் இன்னும் கூடாத அந்த உச்சிக்குழியில் விரலை வைத்தான். புடைத்து, விறைத்திருந்தது. அவனுக்கு அது போதும்.

சூசையம்மாளின் அறைக்கு ஓடினான். நஸ்ரின் வைத்த குழாய் அடைத்துவிட்டது, உடனே திறக்க வேண்டும், நஸ்ரின் இல்லாததால் தானே செய்துவிடுவதாகச் சொன்னான். நஸ்ரினை இதற்காகத் திட்ட வேண்டாம் என்றும் சேர்த்துக்கொண்டான்.

சூசையம்மாள் எழுந்து அவனோடு நடந்தார்.

குழந்தையின் அம்மா பேச்சித்தாய் பதறி எழுந்தாள். அவளை உட்காரச் சொல்லிவிட்டு, வாந்தியைப் பற்றி விசாரித்தார். காலையில் முதல் முதலாக வாழைப்பழம் மசித்து ஊட்டினாளாம். அதுதான் வெளியே வந்தது, ஒரே தடவை.

"கடைசியா எப்பம்மா பால் குடிச்சா?"

"விடியக்காலம் அஞ்சு மணிக்கு, டாக்டரம்மா. பொறவு குடுக்கக் கூடாதுன்னு இந்த டாக்டர்தான் சொல்லிட்டாவ. பசியில அழுது அழுது தொண்டையே கட்டிப்போச்சு பிள்ளைக்கு."

"குடு."

மரகதவேல் வாயைத் திறந்தான். பால் கொடுத்தால் இப்போதைக்கு ஆப்பரேஷன் இல்லை. மேடத்துக்குத் தெரியாததா. மூடிக்கொண்டான்.

குழந்தை குடித்தது. சூசையம்மாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். இவன் நின்றான். கால் மணி நேரம் போனது.

விசும்பல் நின்றது. அம்மாவின் தோளில் நிமிர்ந்தபடியே குழந்தைக்குக் கண் சொருகியது.

சூசையம்மாள் அவன் விரலைப் பிடித்து உச்சியில் வைத்தார்.

மெத்தென்று, லேசாக உள்வாங்கி இருந்தது.

அழும் குழந்தையின் உச்சியைத் தொட்டு எதையும் முடிவு செய்யக் கூடாது. அது முதல் மாதப் பாடம். போன வாரம்தான் மாணவர்களுக்கு அவனே அதைச் சொல்லிக்கொடுத்திருந்தான். அவன் பட்டினி போட்டான், அதனால் குழந்தை அழுதது, அழுததால் உச்சி விறைத்தது. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு குழாய்க்காக இந்தத் தலையைத் திறந்திருப்பான்.

"எதுக்கும் ஸ்கேன் ஒண்ணு எடுத்துருவோம்" என்றார் சூசையம்மாள். பிறகு கேட்டார். "துடிப்பு தெரியுதா?"

விரலுக்கடியில் ஏதோ படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. குழந்தையின் துடிப்பா, தன் விரலின் துடிப்பா, அவனால் பிரிக்க முடியவில்லை. அதை அப்படியே சொன்னான்.

"என்ன செய்யணும், மேடம்?"

அவர் நகர்ந்து, கட்டிலில் அவனுக்கு இடம் விட்டார்.

"உக்காருப்பா. இப்ப நின்னது பாப்பா அழுகை மட்டும்தான். உன்னோடதும் நிக்கட்டும், அப்புறம் தொட்டுப் பாரு."