கைப்பையில் காதடைப்பான்

கடலோர ஊர் ஒன்றில் மடம் நடத்திவந்த துறவி உலகம்மை, தில்லியில் ஒரு விசாரணைக் குழுவின் முன் சாட்சி சொல்லப் புறப்பட்டார். இறால் பண்ணை வந்தபின் ஊர்க் கிணறுகள் உப்பாகிவிட்டன. ஊருக்காகப் பேச அவரைத்தான் அனுப்பினார்கள். துணைக்குச் சீடர் சேந்தன் வந்தார். கப்பல் வேலையை விட்டு மடத்துக்கு வந்தவர், குருவைவிட மூத்தவர்.

விமான நிலையத்தில் பெட்டியைக் கொடுக்கும்போது உலகம்மை ஒரு சிறு டப்பாவை நீட்டினார். உள்ளே மஞ்சள் நிறத்தில் இரண்டு காதடைப்பான்கள்.

"இதைப் பெட்டியில் போடணுமா, கையில் வெச்சுக்கலாமா?"

"எதுல வேணும்னாலும் வைக்கலாம்மா," என்றாள் கவுன்ட்டரில் இருந்த பெண். "ஆனா பெட்டி உள்ளே போயிட்டா நடுவுல எடுக்க முடியாது."

"அப்போ கைப்பையில்தான்."

சேந்தனுக்கு ஆச்சரியம். யார் வந்து என்ன சொன்னாலும் பொறுமையாகக் கேட்பவர் குரு. அவருக்கு இது எதற்கு?

விமானம் மேலே ஏறியதும் பின் இருக்கையில் ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதது. சிலர் திரும்பி முறைத்தார்கள். தாய் கூனிக் குறுகினாள். குரு டப்பாவை எடுப்பார் என்று சேந்தன் நினைத்தார். உலகம்மையோ எழுந்து திரும்பினார்.

"காது வலிக்குது போல. பால் கொடும்மா, விழுங்கினா கொஞ்சம் விடும். யாருக்காகவும் பயப்படாதே."

அழுகை சட்டென்று நிற்கவில்லை. அடங்கி அடங்கி மறுபடி எழுந்தது. உலகம்மை கேட்டுக்கொண்டே இருந்தார்.

சற்று நேரத்தில் பக்கத்துக் காலி இருக்கையில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். பண்ணை முதலாளி நாகலிங்கம். அவரும் அதே விசாரணைக்குத்தான் போகிறார்.

"நீங்க பேச வேண்டாம்னு சொல்லலை, அம்மா. கிணறு உப்பாச்சுங்கிற அந்த ஒரு வரியை மட்டும் விட்டுடுங்க. மடத்துக்கு மண்டபம் கட்டித் தர்றேன்."

அவர் முடிக்கும்வரை உலகம்மை குறுக்கே பேசவில்லை.

"கேட்டுட்டேன். முடியாது."

நாகலிங்கம் சிரித்தார். குரலைத் தாழ்த்தி, அதையே வேறு விதமாக, இன்னும் இனிப்பாக ஆரம்பித்தார்.

உலகம்மை டப்பாவைத் திறந்தார். காதடைப்பான்களை நாகலிங்கத்தின் கண்முன்னாலேயே நிதானமாக உருட்டி, ஒவ்வொன்றாகக் காதில் வைத்துக்கொண்டு, நேராகப் பார்த்து உட்கார்ந்தார். நாகலிங்கம் மேலும் கொஞ்சம் பேசினார். பிறகு முகம் சிவக்க எழுந்து போனார்.

சேந்தன் குருவின் கையைத் தொட்டார். உலகம்மை காதிலிருந்து அடைப்பான்களை எடுத்தார்.

"பெரிய இடம், தாயே. தொந்தரவு கொடுப்பார்."

"கொடுக்கட்டும். நாளைக்கு அந்த வரியைத்தான் முதல்ல சொல்லப்போறேன்."

"யார் பேசினாலும் கேட்கணும்னு நீங்கதானே எங்களுக்குச் சொன்னீங்க?"

"கேட்டேனே. பதிலும் சொன்னேனே."

"திரும்பவும் சொல்ல வந்தார். அதுக்குக் காதை அடைச்சுட்டீங்க." சேந்தன் விடவில்லை. "அந்தக் குழந்தையும்தான் திரும்பத் திரும்ப அழுதது. அதுக்கு ஏன் அடைக்கலை?"

"அதுக்கு வலிச்சுது, சேந்தன்."